ஆயில் வருகிறதா?

படகில் மாட்டும், 115 குதிரைத்திறன் உள்ள பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் முழு வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் 40 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் என்ற கணக்கில் மணிக்கு 800 மில்லி ஆயில். அதை நான்கு சிலிண்டருக்குப் பங்கு போட்டு, மணியை நொடியாக்கினால் ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு 0.055 மில்லி வருகிறது. கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தில் ஒரு சொட்டு ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த ஒரு நொடிக்குள் பிஸ்டன் தொண்ணூறு தடவை மேலே போய்க் கீழே வந்துவிடும். சிலிண்டர் சுவர், பிஸ்டன் ரிங்குகள், கனெக்டிங் ராடின் இரண்டு முனை பேரிங்குகள், கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகள், இத்தனைக்கும் அந்த ஒரு சொட்டில்தான் பிழைப்பு.

கார் என்ஜினுக்கு அடியில் சில லிட்டர் ஆயில் தேங்கி நிற்கும். பம்பு அதையே திரும்பத் திரும்பச் சுற்றி அனுப்பும். டூ ஸ்ட்ரோக்கில் அதற்கு இடமில்லை. அங்கே கிராங்க் அறைதான் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் பாதை. பிஸ்டன் மேலே ஏறும்போது கிராங்க் அறையில் அழுத்தம் குறைந்து கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. இறங்கும்போது அது அமுக்கப்பட்டு சிலிண்டருக்குள் தள்ளப்படுகிறது. காற்று போகிற பாதையில் ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. கலவையோடு வருகிற ஆயில் போகிற போக்கில் பேரிங்குகளை நனைத்துவிட்டு, மேலே போய் எரிந்து புகையாக வெளியேறும். கையிருப்பு கிடையாது. வரத்து நின்றால் முந்தைய சில நொடிகளில் ஒட்டிக்கொண்ட படலம் மட்டுமே மிச்சம். முழு வேகத்தில் அது நெடுநேரம் தாங்காது.

ஆகவே பழைய மோட்டாரில் ஆயில் எச்சரிக்கை ஒலித்தால் வைத்திருப்பவர் பதறுவது நியாயம்தான். பதற்றத்தில் எல்லோரும் முதலில் கை வைப்பது பம்பின் மேல். என் கருத்தில் பம்பைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும். ஆயில் டேங்கிலிருந்து பம்பு வரை வரும் வழியில் கெடுவதற்கு அதைவிட மலிவான, அதைவிட எளிதான இடங்கள் நிறைய உண்டு.

ஓலே எவின்ரூட் 1909-இல் மில்வாக்கியில் அவுட்போர்டு மோட்டார் விற்கத் தொடங்கியதிலிருந்து பல பத்தாண்டுகள் ஆயிலைப் பெட்ரோலில் கையால் கலப்பதுதான் வழக்கமாக இருந்தது. பஜாஜ் சேத்தக், டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பெட்ரோல் பங்கில் அளந்து ஊற்றிய 2டி ஆயில் நினைவிருக்கும். அந்தக் காலத்து அவுட்போர்டுகளுக்கு இன்றைய அளவைவிடப் பல மடங்கு ஆயில் தேவைப்பட்டது. உருளை பேரிங்குகளும் நல்ல ஆயிலும் வந்த பிறகு, ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களைத் தயாரித்த அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன், சுருக்கமாக ஓ.எம்.சி., 1964 வாக்கில் 50-க்கு 1 என்ற விகிதத்துக்கு வந்தது. இன்றும் பெரும்பாலான டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளுக்கு அதுவே அளவு: லிட்டருக்கு 20 மில்லி.

இதில் ஒரு வீண் செலவு உண்டு. 50-க்கு 1 என்பது முழு வேகத்துக்கான தேவை. படகு துறைக்குள் மெல்ல ஊரும்போது அவ்வளவு ஆயில் வேண்டியதில்லை. மிஞ்சுவது புகையாகிறது, ஸ்பார்க் பிளக்கில் கரியாகப் படிகிறது. மோட்டார்சைக்கிள் உலகம் இதற்கு முன்பே வழி கண்டுவிட்டது. யமஹா 1964-இல் ஆட்டோலூப் என்ற பெயரில், ஆயிலுக்குத் தனி டேங்கும் தனிப் பம்பும் வைத்தது. படகு மோட்டார்களுக்கு அந்த ஏற்பாடு பரவலாக வந்தது 1980-களில். ஓ.எம்.சி. தன் பெரிய மோட்டார்களுக்கு 1984 மாடலில் கொண்டுவந்ததுதான் வி.ஆர்.ஓ. பம்பு. மெதுவாக ஓடும்போது 150-க்கு 1 வரை ஆயிலைக் குறைத்து, முழு வேகத்தில் 50-க்கு 1 கொடுக்கும் என்பது அதன் வாக்குறுதி. படகு மோட்டார் உலகில் இதைப்போல் வசை வாங்கிய உதிரி பாகம் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே.

வி.ஆர்.ஓ. பம்பின் அமைப்பு சுவாரசியமானது. அதற்குக் கியர் கிடையாது, மின்மோட்டார் கிடையாது. கிராங்க் அறையில் மாறி மாறி வரும் அழுத்தமும் உறிஞ்சலும் ஒரு சிறு குழாய் வழியாகப் பம்புக்கு வந்து, உள்ளே உள்ள டயாபிரத்தை ஆட்டுகின்றன. அந்த ஆட்டத்திலேயே ஒரு பக்கம் பெட்ரோல் பம்பும் மறுபக்கம் ஆயில் பிஸ்டனும் இயங்குகின்றன. இரண்டும் பம்புக்குள்ளேயே கலந்து, ஒரே குழாயாக கார்புரேட்டர்களுக்குப் போகின்றன. ஆயில் பம்பும் பெட்ரோல் பம்பும் ஒரே உடம்பு. டயாபிரம் செத்தால் ஆயில் மட்டுமல்ல, பெட்ரோலும் நிற்கும். மோட்டார் தானே அணைந்துவிடும். அப்படிப்பட்ட சாவு மோட்டாருக்கு நல்லது. கெட்டது எதுவென்றால் பெட்ரோல் பக்கம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க, ஆயில் பக்கம் மட்டும் வெறுமையாவது. அது பெரும்பாலும் பம்பின் உள்ளே தொடங்குவதில்லை, பம்புக்கு வரும் குழாயில்தான்.

காரணம் காற்று. ஆயிலை அமுக்க முடியாது. பிஸ்டன் தள்ளினால் அது நகர்ந்தே ஆக வேண்டும். காற்று அப்படியல்ல. குழாயில் ஒரு குமிழி புகுந்தால், பிஸ்டன் தள்ளும்போது குமிழி சுருங்கும், இழுக்கும்போது விரியும். பம்பு டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், ஆயில் ஓர் அங்குலம்கூட நகராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்.

இந்தக் காற்று எங்கிருந்து நுழைகிறது? வி.ஆர்.ஓ. பம்பு படகின் அடியில் இருக்கும் டேங்கிலிருந்து ஆயிலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். குழாய், இணைப்பு, கிளாம்ப் எல்லாம் உலர்ந்து சுத்தமாக இருக்கும். எங்கும் கசிவில்லை, ஆக குழாய்கள் நன்றாக இருக்கின்றன, ஆக பம்புதான் கெட்டிருக்கிறது என்று முடிவு கட்டுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். உறிஞ்சும் பக்கத்தில் ஈரமில்லை என்பது எதற்கும் சாட்சியல்ல. கடையில் கிடைக்கும் திருகுக் கிளாம்ப் அந்தச் சிறு குழாயைச் சுற்றிலும் ஒரே மாதிரி இறுக்காது. திருகு இருக்கும் இடத்தில் ஒரு மெல்லிய இடைவெளி விட்டுவிடும். அதனால்தான் இந்த ஆயில் குழாய்களுக்கு ஒரு தடவை கவ்வினால் வெட்டித்தான் எடுக்க வேண்டிய ஓட்டிகர் கிளாம்பைப் போடச் சொல்வார்கள். சில ரூபாய் சமாசாரம். அது சரியில்லாமல் ஒரு மோட்டாரே போயிருக்கிறது என்றால் கேட்பவர் நம்பமாட்டார்.

மெர்க்குரி மோட்டார்களில் கதை தலைகீழ். அங்கே படகிலுள்ள பெரிய ஆயில் டேங்குக்குள் கிராங்க் அறையிலிருந்து ஒரு சிறு அழுத்தம் அனுப்பப்படுகிறது. அந்த அழுத்தம் ஆயிலை மோட்டாரின் மேலிருக்கும் சிறு டேங்குக்குத் தள்ளுகிறது. அங்கிருந்து கிராங்க் ஷாஃப்ட் சுழற்றும் கியர் பம்பு எடுத்துக்கொள்கிறது. இந்த அமைப்பில் ஓட்டை விழுந்தால் ஈரம் தெரியும். ஆனால் கசிவதற்கு ஆயில்தான் வேண்டும் என்பதில்லை. பெரிய டேங்கின் மூடி சரியாக இறுகவில்லை, மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறது என்றால் அழுத்தம் அந்த வழியே போய்விடும். டேங்க் நிறைய ஆயில் இருக்கும், மேலே ஒரு சொட்டும் ஏறாது. மேலே உள்ள சிறு டேங்க் காலியாகும்வரை மோட்டார் நன்றாக ஓடும், பிறகு ஒலி எழுப்பும். பெரிய டேங்கை எட்டிப் பார்ப்பவர் அது நிறைந்திருப்பதைக் கண்டு உணரிதான் பழுது என்று ஒலியை வெட்டிவிடுவார். இதைவிட ஆபத்தான பழுதுபார்ப்பு கிடையாது. மூடியை இறுக்கி, மேல் டேங்கை நிரப்பி, அளவு மீண்டும் குறைகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. சில மெர்க்குரி மோட்டார்களில் கிராங்க் ஷாஃப்டிலிருந்து பம்பைச் சுழற்றும் பிளாஸ்டிக் கியர் தேய்ந்தோ உடைந்தோ போவதும் உண்டு. அப்போது டேங்கும் குழாயும் சரியாக இருந்தும் பம்பு சுற்றாது.

யமஹாவின் ஏற்பாடு மூன்றாவது வகை. பெரிய டேங்கிலிருந்து மோட்டாரின் மேல் டேங்குக்கு ஒரு மின்பம்பு ஆயிலை ஏற்றும். மேல் டேங்கிலிருந்து ஆயில் தானாக இறங்கிக் கியர் பம்புக்கு வரும். அந்தப் பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டரின் நுழைவழிக்கும் தனித்தனி மெல்லிய குழாய் போகும். பெட்ரோலில் ஆயில் கலப்பதே இல்லை. மேல் டேங்க் வறண்டால் சிவப்பு விளக்கு எரியும், ஒலி வரும், மோட்டார் தானே வேகத்தை 2,000 சுற்று அளவுக்குக் குறைத்துக்கொள்ளும். பெரிய டேங்கில் ஆயில் இருந்தும் மேலே ஏறவில்லை என்றால் மின் இணைப்பில் உப்பேறிய பச்சைத் துரு, டேங்கின் அடியில் சல்லடை அடைப்பு, மின்பம்பு பழுது என்று வரிசையாகத் தேட வேண்டும். கையால் அழுத்தி ஆயிலை ஏற்றும் அவசர ஸ்விட்ச் ஒன்றும் அந்த மோட்டாரில் இருக்கிறது. அதை அழுத்தினால் ஆயில் ஏறுகிறது என்றால் பம்பும் குழாயும் பிழைத்தன. மிதவையிலோ கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ கோளாறு. நோயாளியை அறுக்காமலே நோய் எந்தப் பாதியில் இருக்கிறது என்று சொல்லிவிடும் சோதனை இது. எனக்கு மிகவும் பிடித்ததும்கூட.

ஒலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய மோட்டார்களில் ஊதுவது ஒரே ஹாரன்தான், ஆனால் ஊதவைப்பவர்கள் பலர். ஓ.எம்.சி. மோட்டார்களில் நாற்பது நொடிக்கு ஒரு தரம் சின்னதாக ஒலித்தால் டேங்கில் ஆயில் குறைந்திருக்கிறது. விட்டுவிட்டு வேகமாக ஒலித்தால் பம்புக்கு ஆயில் வரவில்லை. நிற்காமல் ஊதினால் மோட்டார் சூடேறியிருக்கிறது. பெட்ரோல் வரத்து அடைபட்டாலும் சில மோட்டார்களில் அதே நீண்ட ஊதல்தான். வேகத்தைக் குறைத்த உடனே நின்றுவிட்டால் அது பெட்ரோல் அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். சூடேறிய இரும்பு அவ்வளவு சீக்கிரம் ஆறாது. தாளத்தைக் காதில் வாங்காமல் ஆயில் ஆயில் என்று தேடினால் நாள் முழுக்கத் தேடலாம். வி.ஆர்.ஓ. வரிசையில் வந்த முதல் மோட்டார்களில் டேங்கில் அளவு குறைந்தால் மட்டுமே எச்சரிக்கை வந்தது. பம்புக்கு ஆயில் வரவில்லை என்று சொல்லும் உணரி பின்னால் சேர்ந்தது. ஆகவே மோட்டார் எந்த ஆண்டுடையது என்று தெரியாமல் ஒலியை நம்பவும் கூடாது, அதன் மௌனத்தை நம்பவும் கூடாது. ஹாரன் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது எளிது: சாவியைத் திருப்பி வைத்து, சிலிண்டர் தலைப்பில் உள்ள வெப்ப உணரியின் பழுப்பு வயரைக் கழற்றி என்ஜின் உடலில் தொட்டால் ஊத வேண்டும். ஊதவில்லை என்றால் இத்தனை நாள் நிலவிய அமைதிக்கு எந்த மதிப்பும் இல்லை.

பம்பு உண்மையிலேயே ஆயிலை இழுக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியும். அதற்கு முன் ஒரு காப்பு ஏற்பாடு: தனி டேங்க் ஒன்றில் 50-க்கு 1 கணக்கில் ஆயில் கலந்த பெட்ரோலை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்க வேண்டும். பம்பு ஆயில் தராவிட்டாலும் மோட்டார் சாகாது. தந்தால் மொத்தத்தில் இரட்டை அளவு வரை ஆயில் போகும்; கொஞ்சம் புகையும், பிளக் கறுக்கும், அவ்வளவே. பிறகு வி.ஆர்.ஓ. பம்புக்கு வரும் ஆயில் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயொன்றை மாட்டி, நிமிர்த்திக் கட்டி, குமிழி இல்லாமல் ஆயில் நிரப்பி, மேல்மட்டத்தில் பேனாவால் கோடு போட வேண்டும். தண்ணீர் இணைப்பைக் கொடுத்து மோட்டாரை ஓடவிட்டால், பம்பின் ஒவ்வொரு டக்குக்கும் மட்டம் ஒரு மயிரிழை இறங்குவது தெரியும்.

இங்கே பொறுமை தேவை. ஐடிலில் அந்த மோட்டார் மணிக்கு 3 லிட்டர் பெட்ரோல் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 150-க்கு 1 என்றால் மணிக்கு 20 மில்லி ஆயில். கால் அங்குல உள்துளை உள்ள குழாயில் 20 மில்லி என்பது சுமார் 63 சென்டிமீட்டர் நீளம். அதாவது நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர். அரை நிமிடம் பார்த்துவிட்டு, மட்டம் இறங்கவே இல்லை, பம்பு போச்சு என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் ஒரு பம்பின் விலை மிச்சமாகியிருக்கும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஐந்து சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தால் பம்பு நல்ல பம்பு. குழாய் வறண்டு போகுமளவுக்கு விட்டுவிடக் கூடாது. விட்டால் சோதனைக்காகவே காற்றைப் பம்புக்குள் செலுத்தியதாகிவிடும்.

இந்தச் சோதனையில் பம்பு தேறி, படகின் டேங்கோடு இணைத்தால் மட்டும் ஆயில் வரவில்லை என்றால் குற்றவாளி வழியில் எங்கோ இருக்கிறது. டேங்கைத் திறந்து பார்ப்பதே அடுத்த வேலை. ஆயிலை எடுக்கும் குழாயின் நுனியில் நுண்ணிய வலை இருக்கும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த குப்பை அதை அடைத்திருக்கும். அதைவிட மோசமானது தண்ணீர். மூடி வழியாகவோ காற்றுத் துளை வழியாகவோ இறங்கும் மழைநீரும் கடல்நீரும் ஆயிலைவிடக் கனமானவை. நேராக டேங்கின் அடிக்குப் போகும். ஆயிலை எடுக்கும் குழாயின் வாயும் அடியில்தான். மோட்டார் முதலில் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் ஆயிலைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து ஒரு நாள் அசையாமல் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். பாலாகக் கலங்கியிருந்தால் முழுவதையும் கொட்டிவிடுவதே நல்லது. ஆயில் டேங்கில் பெட்ரோல் வாசம் அடித்தாலோ, மட்டம் ஏறிக்கொண்டே போனாலோ அது வேறு விஷயம்: பம்பின் உள்ளே திரும்பாத் தடுப்பு பழுதாகி, பெட்ரோல் ஆயில் வழியே பின்னோக்கி வருகிறது. இந்த ஓர் இடத்தில் பம்பைக் குற்றம் சாட்டத் தயங்க வேண்டாம்.

எந்த ஆயில் என்பதிலும் குழப்பம் உண்டு. கார் என்ஜின் ஆயிலில் கால்சியம், துத்தநாகம் கலந்த சேர்மானங்கள் இருக்கும். காருக்கு அவை நல்லவை. எரிந்தால் அவை சாம்பலாக பிஸ்டன் தலையில் படியும். தண்ணீரால் குளிரூட்டப்படும் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்குச் சாம்பல் விடாத டிசி-டபிள்யூ3 வகை ஆயில்தான் சரி. பல கம்பெனி ஆயில்கள் ஒன்றோடொன்று கலந்தால் கெட்டியாகிவிடக் கூடாது என்பதும் அந்தத் தரச்சோதனையின் ஒரு பகுதி. மோட்டார்சைக்கிள் 2டி ஆயில் காற்றால் குளிரும் என்ஜினுக்காகச் செய்தது. அவசரத்துக்கு உதவும், பழக்கமாக்கக் கூடாது.

இனி வழக்கு முற்றிப்போன நிலை. மோட்டார் இறுகிவிட்டது, ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை, ஆயில் பம்பு கொன்றுவிட்டது என்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். வி.ஆர்.ஓ. பம்பில் ஆயில் பெட்ரோலோடு கலந்த பிறகே கார்புரேட்டர்களுக்குப் பிரிகிறது. ஆயில் நின்றிருந்தால் நான்கு சிலிண்டருக்கும் சேர்ந்தே நின்றிருக்க வேண்டும். நான்கிலும் பிஸ்டன் பாவாடையில் செங்குத்துக் கீறல்கள், பேரிங்குகளில் நீலம் பாரித்த தடம் இருக்க வேண்டும். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் செத்து, மற்ற மூன்றும் பளபளவென்று ஈரமாக இருந்தால் பம்பு நிரபராதி. அந்த ஒரு சிலிண்டருக்கான கார்புரேட்டரில் ஜெட் அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறைந்தால் கலவை மெலியும், வெப்பம் ஏறும், அதோடு பெட்ரோலில் ஏறி வரும் ஆயிலும் குறையும். பிஸ்டன் தலையில் ஓட்டையோ உருகிய ஓரமோ இருந்தால் அது வெப்பத்தின் கைவரிசை. ஆண்டு முழுக்கக் கரையில் நின்ற மோட்டாரில், வற்றிப்போன பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகப் படிந்திருப்பது சாதாரணம். வி.ஆர்.ஓ. மேல் விழுந்த பழிகளில் எத்தனையோ இப்படிக் கார்புரேட்டர் செய்த கொலைகளாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். புதிய பம்பு மாட்டி, பழைய கார்புரேட்டரைத் தொடாமல் விட்டால் அடுத்த பிஸ்டனும் அதே வழியில் போகும்.

யமஹாவுக்கு இந்தத் தர்க்கம் பொருந்தாது. அங்கே ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி ஆயில் குழாய். ஒரு குழாய் விரிசல் விட்டாலோ கழன்றாலோ அந்த ஒரு சிலிண்டர் மட்டும் வறளும். ஒரே தடயத்துக்கு இரண்டு மோட்டார்களில் இரண்டு தீர்ப்பு. கியர் பம்பு கையாளும் ஆயில் அளவு த்ராட்டிலோடு இணைந்த ஒரு சிறு கம்பியால் தீர்மானமாவதால், பம்பின் கையில் உள்ள குறியும் உடலில் உள்ள குறியும் சேருகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரோ எப்போதோ கார்புரேட்டரைச் சரிசெய்தபோது அந்தக் கம்பியைத் தள்ளி மாட்டியிருந்தால், எல்லா வேகத்திலும் ஆயில் குறைவாகவே போகும். எச்சரிக்கை வராது, டேங்கில் ஆயில் இருக்கிறதே.

அமெரிக்காவில் பழைய வி.ஆர்.ஓ. மோட்டார் வைத்திருப்பவர்களில் பலர் இத்தனை தொல்லையும் வேண்டாம் என்று ஆயில் வழியை அடைத்துவிட்டு, அதே பம்பை வெறும் பெட்ரோல் பம்பாக வைத்துக்கொண்டு கையால் கலக்கும் பழைய முறைக்கே போய்விட்டார்கள். ஓ.எம்.சி. 2000 டிசம்பரில் திவாலானது. அடுத்த ஆண்டு பம்பார்டியர் நிறுவனத்தின் கைக்குப் போன எவின்ரூட் பெயரில் மோட்டார் தயாரிப்பதும் 2020-இல் நின்றது. முப்பது, நாற்பது வயது மோட்டாருக்கு, அதன் பூர்வீகம் தெரியாத நிலையில், கையால் கலப்பது நியாயமான முடிவுதான். ஆனால் எது கெட்டது என்று தெரியாமலே அதைச் செய்வது சரியல்ல. பெட்ரோல் வழியில் காற்று புகுந்துகொண்டிருந்தால் கையால் கலந்த பெட்ரோலும் குறைவாகத்தான் போகும். ஆயிலும் கூடவே குறையும். தவிர, பம்பு மறந்துவிடுமோ என்ற கவலைக்குப் பதில், டேங்க் நிரப்பும் ஆள் மறந்துவிடுவாரோ என்ற கவலை வரும். இரண்டில் எதை நம்பலாம் என்பது அவரவர் வீட்டு விஷயம்.

தமிழகக் கரைகளிலும் இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரைகளிலும் ஃபைபர் படகுகளில் ஓடும் சிறு அவுட்போர்டுகளுக்கு இந்தத் தனிப் பம்பு ஏற்பாடே பெரும்பாலும் இல்லை, கையால் கலப்பதுதான். தமிழகக் கரையில் வேறொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் ஆசை அதிகம். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டால் இரண்டும் கைகோத்துப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் படுத்துவிடும். ஆயில் அவற்றோடு போகாது, மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். அளந்து, குலுக்கி, சரியாகக் கலந்திருந்தாலும் அடியிலிருந்து மோட்டாருக்குப் போவது ஆயில் இல்லாத திரவம். ஈரக்காற்று வீசும் கரையில் பாதி காலியான டேங்கை வாரக்கணக்கில் வைத்திருந்து, அப்படியே மாட்டி இழுப்பது இந்தக் காரணத்தால் கெடுதல். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் ஊற வைக்கும். உள்தோல் உரிந்து, ஒரு மடலாகத் தொங்கி, வேகம் ஏறும்போது உறிஞ்சலில் எழுந்து வழியை அடைக்கும். வேகம் குறைந்தால் படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய்க்கு ஒன்றுமில்லை.

கடலில் இருக்கும்போது ஆயில் எச்சரிக்கை வந்தால் செய்ய வேண்டியது சுருக்கம். உடனே வேகத்தைக் குறைத்து மோட்டாரை நிறுத்த வேண்டும். கைவசம் ஒரு லிட்டர் ஆயிலும் ஓர் அளவுக் குவளையும் எப்போதும் இருக்கட்டும். டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலை மதிப்பிட்டு, லிட்டருக்கு 20 மில்லி கணக்கில் ஊற்றி, படகின் ஆட்டத்திலேயே கலக்கவிட்டு, பெட்ரோல் குழாயிலுள்ள ரப்பர் குமிழை நன்றாக அமுக்கி, புதுக் கலவை மோட்டார் வரை வந்து சேரும்வரை மெதுவாக ஓட்டிக் கரைக்கு வரலாம். பழைய குழாயில் நிற்கும் ஆயில் இல்லாத பெட்ரோலை மோட்டார் முதலில் குடிக்கும் என்பதால் அந்தச் சில நிமிடங்கள் வேகம் ஏற்ற வேண்டாம்.

பழுது நீக்கி, குழாய்களில் இருந்த காற்றை வெளியேற்றி, எல்லாம் மாட்டிய பிறகும் முதல் டேங்கை 50-க்கு 1 கலந்தே ஓட்டுவது வழக்கம். ஆயில் டேங்கின் வெளியில் ஒரு கோடு போட்டுவிட்டு, 25 லிட்டர் பெட்ரோல் தீர்ந்ததும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். முழு வேகத்திலேயே ஓடியிருந்தால் அரை லிட்டர். மெதுவாகவும் வேகமாகவும் கலந்து ஓடியிருந்தால் கால் லிட்டருக்கும் அரை லிட்டருக்கும் நடுவில் எங்காவது. இறங்காமல் நின்றால் கலவைப் பெட்ரோலிலேயே தொடர்ந்து ஓட்டி, குழாய்ப் பாதையை மறுபடி டேங்கிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும். இறங்கியிருந்தால் அடுத்த முறை வெறும் பெட்ரோல் நிரப்பலாம்.